ஒவ்வொரு காலையும் ஆஃப்லைன்

வில்லாபுரம்,
10-02-2025, திங்கள்.

அன்புள்ள மேரி,

நலம். உங்கள் நலமும் உங்கள் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்தின் உடல்நிலையும் அறிய விரும்புகிறேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுதினால் நான் வழிதவறிவிடுவேன் என்பது பள்ளி அலுவலகத்தில் எதிர் மேஜையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த உங்களுக்குத் தெரியும். ஆகவே இக்கடிதத்தில் வரப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. செல்வக்குமார் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம்.
2. பிரிண்டருக்குச் செய்ய வேண்டிய சோதனைகள்.
3. செய்யக் கூடாதது ஒன்று.
4. டிசம்பரில் நடந்ததை இனி எடுக்க வேண்டாம் என்பது.
5. நான் நேரில் வராததற்குக் காரணம்.

முதலாவது. சனிக்கிழமை மாலை டிரைவர் செல்வக்குமார் பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, "சார், மேரி மேடத்தோட புதுப் பிரிண்டரு காலையில செத்துப்போகுதாம், கொஞ்ச நேரத்துல உசுரு வருதாம். என்னான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். என் காதுக்காக மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை தெருவுக்கே கேட்டது. பழுது நிரந்தரமானது அல்ல, இரவில் நேர்ந்து பகலில் தீர்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் திருத்தவும்.

இரண்டாவது. (அ) பிரிண்டரின் சிறு திரையில் வைஃபை விளக்கு எரிகிறதா, அல்லது மினுக்குகிறதா? இரண்டும் ஒன்றல்ல. (ஆ) கணினியில் பிரிண்டர் பெயரைத் திறந்தால் வரிசையில் எத்தனை அச்சு வேலைகள் காத்திருக்கின்றன? முன்னால் ஒன்று சிக்கினால் பின்னால் உள்ளவை அசையா. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு பக்கம் அனுப்பிப் பார்க்கவும். (இ) டிரைவர், அதாவது கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள், ஒன்றுதான் இருக்கிறதா அல்லது ஒரே பெயரில் இரண்டு, மூன்று தெரிகின்றனவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றியதால் சரியானது என்று தெரியாமல் சரியாவது, சரியாகாததற்குச் சமம்.

மூன்றாவது. மாலையில் அலுவலகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை மட்டும் விட வேண்டாம். ஸ்டோர் ரூம் எரிந்த ஆண்டு நாம் இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி அது.

நான்காவது. டிசம்பர் பதினெட்டாம் தேதியைப் பற்றி நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் அது முடிந்துபோனது. இப்போது எடுத்துப் பேசினால் உங்களுக்குத்தான் கெடுதல்.

ஐந்தாவது. பெரியாரில் ஒரு பஸ், மாட்டுத்தாவணியில் ஒரு பஸ் மாற வேண்டும். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. போனில் எனக்குக் காது கேட்பதில்லை. எழுத்துதான் எனக்குச் சௌகரியம். கடிதத்தைச் செல்வக்குமார் கொண்டுவருவார்.

அன்புடன்,
நாகசுப்பிரமணியன்

---

ஒத்தக்கடை,
11-02-2025, செவ்வாய்.

அன்புள்ள அண்ணே,

இரண்டு மாதமாக வாய் திறக்காத மனிதர் எழுதிய முதல் கடிதத்தில் ஐந்து பாயிண்ட். நானும் அதே வரிசையில் பதில் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

செல்வக்குமார் சொன்னது சரிதான். ஒவ்வொரு காலையும் கணினியில் பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் 'ஆஃப்லைன்' என்று வருகிறது. பிரிண்டரோ பச்சை விளக்கெரிய ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. விளக்கு மினுக்கவில்லை, நின்று எரிகிறது. வரிசையில் முப்பத்தொரு வேலை காத்திருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு பக்கம் அனுப்பினேன். அதுவும் வரிசையில் போய் நின்றுகொண்டது.

சர்வீஸ்காரர் இரண்டு முறை வந்தார். "டிரைவர் கெட்டுப்போச்சு மேடம், பழசைத் தூக்கிட்டுப் புதுசாப் போடணும்" என்றார். பக்கத்தில் நின்ற செல்வக்குமாருக்கு முகம் செத்துவிட்டது. அப்படியே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் அன்று மாலை வரை ஓடுகிறது. மறுநாள் காலை பழைய குருடி. ஆக, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் இதே வேலை. வாசலில் டிசி கேட்டு நிற்கிறவர்கள், "என்னக்கா, இன்னும் எம்புட்டு நேரம்?" என்கிறார்கள். நான் என்ன சொல்ல?

உங்கள் நாலாவது பாயிண்டுக்கு வருகிறேன். உங்களுக்கு மறந்திருந்தால் நான் எழுதி வைக்கிறேன். அரையாண்டு மதிப்பெண் அட்டை நூற்றுநாற்பது. நெட்டில் இருந்து வேறொரு டிரைவரை இறக்கி, யாரிடமும் சொல்லாமல் போட்டது நீங்கள். திரையில் சரியாகத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் அட்டையில் கட்டம் கட்டமாக வந்தன. முதல் பக்கத்தைப் பார்க்காமல் அடுத்ததை அனுப்பாத நீங்கள், அன்றைக்குப் பார்த்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அத்தனையும் கைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தாளாளர் ஜெய்சன் சார், "யாரு பிரிண்ட் போட்டது?" என்றார். நான், "நாந்தான் சார்" என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். மறுநாளில் இருந்து வரவே இல்லை.

எனக்கு மெமோ வந்தது. அது போகட்டும். போன வெள்ளிக்கிழமை ஜெய்சன் சார் கூப்பிட்டு, "டிசம்பர்ல அட்டை, இப்ப தினம் காலைல இந்தக் கூத்து. உங்களுக்கு கம்ப்யூட்டர் ஒத்து வரல மேடம். மார்ச் ஒண்ணுல இருந்து பரவை கிளைக்குப் போயிருங்க, அங்க லெட்ஜர்தான்" என்று சொல்லிவிட்டார். பரவை எங்கே, ஒத்தக்கடை எங்கே! ஆசீர்வாதம் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம். மத்தியானம் ஒரு மணிக்கு நான் நடந்து வீட்டுக்குப் போய் ஊட்டிவிட்டால்தான் அவருக்குச் சோறு. பரவையில் இருந்து எப்படி ஊட்டுவது?

இருபத்துநாலாம் தேதிக்குள் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் எண்பத்தாறும் அச்சாக வேண்டும். அதற்குள் இந்தப் பிரிண்டரை வழிக்குக் கொண்டுவந்தால் ஒரு குற்றமாவது குறையும்.

ஐந்தாவது பாயிண்ட்டுக்குப் பதில் இல்லை. பன்னிரண்டு வருஷம் அதே இரண்டு இடத்தில் பஸ் மாறித்தானே வந்தீர்கள்?

பாக்கியமேரி

---

வில்லாபுரம்,
12-02-2025, புதன்.

அன்புள்ள மேரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை என் மனைவி கனகலட்சுமி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு எங்கள் வீட்டு மொழியில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதைத் தமிழில் எழுதாமல் விடுகிறேன்.

பரவை விஷயம் எனக்குத் தெரியாது. செல்வக்குமாரும் சொல்லவில்லை. அல்லது சொல்லி, எனக்குக் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் எழுத வேண்டியது வேறு என்று தெரிகிறது. எனக்கு எழுத வருவது பிரிண்டரைப் பற்றித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் கெட்டுப்போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம். கெட்டுப்போன ஒன்று தினமும் காலையில் மட்டும் கெடுமா? புதிதாகப் போடும்போது டிரைவர் மட்டும் மாறுவதில்லை, கணினி பிரிண்டரைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கவும் செய்கிறது. எது மருந்தாக வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. நான் பிரிண்டர் படித்தவன் அல்ல, வரலாறு படித்தவன். என் சொல்லைச் சர்வீஸ்காரர் சொல்லுக்கு மேலாக எடுக்க வேண்டாம்.

ஒரு சிறு நோட்டில் தினமும் இவற்றைக் குறியுங்கள்: எத்தனை மணிக்கு எதைப் போட்டீர்கள், முந்தைய மாலை யார் கடைசியாகப் போனது, அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. அற்பமாகத் தோன்றினாலும் எழுதுங்கள்.

மெயின் சுவிட்சைப் பற்றி மீண்டும் சொல்கிறேன். அதை அணைப்பதற்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பில்லை. பழைய பிரிண்டரைப் பத்து ஆண்டுகள் அப்படித்தான் அணைத்தோம், ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

ஆசீர்வாதத்துக்குக் கனகா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். காரம் குறைவு.

அன்புடன்,
நாகசுப்பிரமணியன்

---

ஒத்தக்கடை,
14-02-2025, வெள்ளி.

அன்புள்ள அண்ணே,

ஊறுகாய் வந்தது. ஆசீர்வாதம் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல காரம் எங்க?" என்றார். நாலு வருஷத்தில் அவர் முழுதாகச் சொன்ன வாக்கியங்களில் இது ஒன்று. அண்ணியிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

இப்போது கேளுங்கள். இன்று காலை நான் வந்து போட்டவுடனே பிரிண்டர் வேலை செய்தது! டிரைவரைத் தொடவே இல்லை. சும்மா ஒரு பக்கம் அனுப்பினேன், சர்ரென்று வந்து விழுந்தது. நான் "இயேசுவே" என்றேன், பக்கத்து அறையில் இருந்து டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நீங்கள் சொன்னபடி நோட்டை எடுத்தேன். நேற்று வழக்கத்துக்கு மாறாக ஒன்றே ஒன்றுதான். ஆசீர்வாதத்துக்குக் காய்ச்சல் என்று நான் நாலு மணிக்கே போய்விட்டேன். மெயினை அணைக்கச் சொல்லி வாட்ச்மேன் பேயாண்டியிடம் சாவியைக் கொடுத்தேன். காலையில் கேட்டேன்.

"அண்ணே, நேத்து மெயினை அணைச்சீங்களா?"

"அணைச்சேன் தாயி."

"சத்தியமா?"

"செல்லுக்கு சார்ஜ் இல்ல தாயி. அங்கன போட்டு வச்சிருந்தேன். அதான்..."

அணைக்கவில்லை. ஒரே ஒரு நாள் மெயினை அணைக்காமல் விட்டோம், அன்றைக்குத்தான் இது உயிரோடு எழுந்திருக்கிறது. இனி சொல்லுங்கள், தொடர்பில்லையா? உங்கள் பேச்சைக் கேட்டு நான் தினமும் மாலை ஐந்து மணிக்கு என் கையாலேயே இதன் கழுத்தை நெரித்திருக்கிறேன் போல.

காரணம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. கரண்டு போனால் கெடுகிற சாமானா இது? அப்படியானால் மதுரையில் எந்த ஆபீஸிலும் பிரிண்டர் ஓடாதே!

பாக்கியமேரி

---

வில்லாபுரம்,
15-02-2025, சனி.

அன்புள்ள மேரி,

நீங்கள் கண்டது நான் சொன்ன எல்லாவற்றையும்விட மேலானது. 'தொடர்பில்லை' என்று உறுதியாகச் சொன்னேன். அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பழைய பிரிண்டரில் வயர் இருந்தது, கணினியில் நேராகச் செருகியிருந்தோம். புதியது வைஃபை. இடையில் ரவுட்டர் என்ற பெட்டி நிற்கிறது. மெயினை அணைத்தால் அதுவும் அணைகிறது. அந்த மூன்றாம் ஆளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு சந்தேகம், சந்தேகம் மட்டுமே. ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது, வீட்டுக்குக் கதவு எண் போல. காலையில் எல்லாம் ஒன்றாக விழிக்கும்போது முதலில் வந்தவருக்கு முதல் எண். பிரிண்டருக்கு நேற்றைய எண் இன்று கிடைக்காமல் போகலாம். கணினியோ நேற்றைய கதவையே தட்டிக்கொண்டு நிற்கிறது. ஆள் வேறு வீட்டில் இருக்கிறார். இருவரிடமும் பிழையில்லை.

பிரிண்டர் தன் விவரத்தைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும். திரையில் 'நெட்வொர்க்' என்ற இடத்துக்குள் இருக்கும். இன்று ஒன்று, திங்கள் காலை ஒன்று எடுத்து, 'ஐபி' என்று தொடங்கும் வரியை ஒப்பிடுங்கள். இடையில் மெயினை நீங்களே அணையுங்கள். எண் மாறியிருந்தால் அதை மாறாமல் நிறுத்தி வைக்க வழி இருக்கும். எங்கே என்று எனக்குத் தெரியாது. மாறாவிட்டால் இக்கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கனகா கேட்கச் சொன்னாள்: காரம் எவ்வளவு கூட்ட வேண்டும்?

அன்புடன்,
நாகசுப்பிரமணியன்

---

ஒத்தக்கடை,
18-02-2025, செவ்வாய்.

அன்புள்ள அண்ணே,

கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைத் தாளில் கடைசி எண் ஐந்து. திங்கள் காலைத் தாளில் எட்டு. ஐந்தில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? பயோமெட்ரிக் பெட்டி! நாம் விரல் வைக்கிற அதே பெட்டி. பிரிண்டருக்கு முன்னால் விழித்துக்கொண்டு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. நான் ஹால் டிக்கெட்டை அதனிடம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வழியையும் கண்டுபிடித்தேன். பிரிண்டர் திரையில் நெட்வொர்க்குக்குள் போனால் 'ஆட்டோ', 'மேனுவல்' என்று இருக்கிறது. மேனுவலில் வைத்து, யாரும் வந்து உட்காராத தூரத்தில் 177 என்று ஓர் எண் கொடுத்தேன். பழைய டிரைவரைக் கடைசியாக ஒரு தடவை நீக்கிவிட்டு அந்த எண்ணைச் சொல்லிப் புதிதாகப் போட்டேன். நேற்று மாலை மெயினை அணைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். இன்று காலை போட்டேன். முதல் பக்கமே வந்தது. பதினொரு மணிக்குள் எண்பத்தாறு ஹால் டிக்கெட்டும் முடிந்தது. ஒவ்வொன்றிலும் பெயரும் படமும் சரியா என்று பார்த்துத்தான் எடுத்தேன். யாரிடம் படித்த பழக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஜெய்சன் சார் வந்து பார்த்தார். "சர்வீஸ்காரரே கைவிட்டதை நீங்களா சரி பண்ணுனீங்க?" என்றார். "நானும் நாகு சாரும்" என்றேன். சிரித்தார். நான் பரவை என்று ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அது வேற மேடம். மெமோ ஃபைல்ல இருக்கு. கமிட்டியில வச்சாச்சு. அட்டை விஷயத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று போய்விட்டார்.

ஆக, பிரிண்டர் பிழைத்தது, நான் போகிறேன். ஆசீர்வாதத்துக்கு மத்தியானம் ஊட்டிவிட எதிர்வீட்டு ஒச்சம்மாளிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறது. ஆசீர்வாதம்தான் வேறு யார் கையிலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். நேற்று ஒத்திகை பார்த்தோம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

உங்களிடம் நான் எதையும் கேட்கவில்லை அண்ணே. அன்றைக்கு உங்கள் கை நடுங்கியது. இத்தனை வயதுக்கு மேல் ஒருவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்களே என்று நானே முந்திக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான் என் கோபம். "போயிட்டு வாரேன் மேரி" என்று மூன்று சொல். அதற்கு என்ன பஸ்ஸா மாறவேண்டும்?

பாக்கியமேரி

---

வில்லாபுரம்,
20-02-2025, வியாழன்.

அன்புள்ள மேரி,

நேற்று பேயாண்டி உங்களிடம் ஏதும் சொல்லியிருந்தால் அது உண்மைதான். நான் வந்திருந்தேன். நீங்கள் வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்து, ஒன்று பத்துக்கு உள்ளே நுழைந்தேன். உங்கள் முன்னால் பேச எனக்குத் தைரியம் போதாது என்று தெரியும். நீங்கள் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். இதையும் கோழைத்தனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மாலை உங்கள் கடிதத்தைக் கனகாவிடம் நானே கொடுத்தேன். புதன் காலை என் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவைத்திருந்தாள். எங்கே போகப் போகிறேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸில் நான்கு குறிப்புகள் எழுதிக்கொண்டேன். தாளாளர் அறைக்குள் போனதும் அந்தத் தாளை எந்தப் பையில் வைத்தேன் என்று மறந்துவிட்டது. ஜெய்சன் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க. என்ன, ஆளையே காணோம்?" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிப்பிலேயே நேரம் போய்விடும்.

"டிசம்பர் அட்டை நான் பிரிண்ட் போட்டது" என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன சார்?"

"நூத்திநாப்பது அட்டையும் நான் போட்டது. டிரைவரை மாத்துனது நான். மேரிக்கு அது தெரியவே தெரியாது."

"அப்ப அவங்க ஏன் நான்தான்னு சொன்னாங்க?"

"என் கை நடுங்குச்சு. அதைப் பாத்துட்டாங்க."

அவர், "நீங்க ஏன் சார் இம்புட்டு நாள் சொல்லல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பயம்" என்றேன்.

"கமிட்டிக்குக் காட்டணும். எழுதிக் குடுக்கறீங்களா?"

கையால் எழுதினேன். அவருக்கு என் எழுத்துப் புரியவில்லை, எனக்கே புரியவில்லை. டைப் செய்து தரச் சொன்னார். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தேன், மன்னிக்கவும். உயரத்தை மாற்றவில்லை. அச்சுக்கு அனுப்பியபோது என் விவரம் முழுவதும், பெயர், தேதி, செய்த பிழை எல்லாம், ஓர் எழுத்துகூடக் கெடாமல் வந்தது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

ஜெய்சன் அதை இரண்டு முறை படித்தார். உங்கள் மெமோவை எடுத்து அதன் குறுக்கே சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டார். பரவை உத்தரவையும் அதன் கீழேயே வைத்து இன்னொரு 'ரத்து' எழுதினார். "கமிட்டியில நான் பேசிக்கிறேன் சார். ஆனா நீங்க நம்ம மெஷின்ல இனிமே எதையும் டவுன்லோடு பண்ணக் கூடாது" என்றார். சம்மதித்தேன். வாசல் வரை வந்து, "மேரி மேடம் வர்ற வரைக்கும் இருங்களேன்" என்றார். ஒன்று நாற்பது ஆகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

ஆகவே நீங்கள் பரவைக்குப் போக வேண்டியதில்லை. ஒச்சம்மாளிடம் நன்றி சொல்லிவிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை நீங்கள் இருக்கும் நேரத்தில், பத்து மணிக்கு, வருகிறேன். வேலைக்கு அல்ல. சொல்லாமல் போனதற்குச் சொல்லிவிட்டுப் போக.

இன்னும் ஒன்று. என் முதல் கடிதத்தின் நான்காவது பாயிண்டில், டிசம்பரில் நடந்ததை இப்போது எடுத்தால் உங்களுக்குத்தான் கெடுதல் என்று எழுதியிருந்தேன். அது தவறு. கெடுதல் எனக்கு வரும் என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்துக்கு உங்கள் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன்.

அன்புடன்,
நாகசுப்பிரமணியன்